துணைக்கு ஒருவர் வரவும்

ஆபீசில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவரான முதலாளிக்கும் அக்கா, கீழே டயர் கடையில் காற்றுப் பிடிப்பவருக்கும் அக்கா, எப்போதாவது வரும் கூரியர்காரருக்கும் அக்கா. அக்கா என்று கூப்பிட வேண்டிய ஒருவன் மட்டும் கூப்பிடுவதில்லை. அவன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. அம்மா இறந்த நாளிலிருந்து அவன் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

இருவரும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள். பேருந்தில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் அவன் வீடு வந்துவிடும். சொந்தத்தில் யார் வீட்டிலாவது நல்லது கெட்டது என்றால் இருவரும் போவார்கள். அவன் அந்தச் சுவரோரம் நிற்பான், அவள் இந்தச் சுவரோரம். நடுவில் அவள் கணவர் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சிரித்தே கழுத்துச் சுளுக்கிக்கொண்டவர். சொத்தா, நகையா, என்ன தகராறு என்று உறவுக்காரர்கள் துருவித் துருவிக் கேட்டுப் பார்த்தார்கள். சொத்தும் இல்லை, நகையும் இல்லை. ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டதுதான் தகராறு.

அக்காவுக்கு ஒரு குணம் உண்டு. யாருக்கு எது நல்லது என்று அவளுக்குத்தான் தெரியும். கணவர் எப்போது முடி வெட்டிக்கொள்ள வேண்டும், ஆபீசில் மின்விசிறி எந்த வேகத்தில் ஓட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரி எந்த டாக்டரிடம் போக வேண்டும், எல்லாவற்றையும் அவளே முடிவு செய்துவிடுவாள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதனால்தான் அவளோடு சண்டை போடவும் முடியாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பாள். பிறகு அந்த முயலுக்கு நாலாவது கால் தேவையே இல்லை என்று அன்பாக விளக்கவும் செய்வாள்.

அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்தபோது தம்பி வேறு ஊரில் இருந்தான். லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கான பயிற்சி. கடைசிப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. தவறவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். டாக்டர், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அக்கா யோசித்தாள், முடிவெடுத்தாள். தம்பி தினமும் போன் செய்து அம்மாவிடம் கொடு என்பான். அம்மா தூங்கறாங்க என்பாள். அது பொய்யில்லை, அம்மா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். அவன் பரீட்சை எழுதி, பாஸாகி, சான்றிதழை உறையில் போட்டுக் கையில் பிடித்தபடி வீட்டு வாசலுக்கு வந்தான். வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. அவன் கேட்டது ஒரே கேள்வி: "எனக்கு ஏன் சொல்லல?" அவள் சொன்னது ஒரே பதில்: "உன் நல்லதுக்குத்தான்." அந்தப் பதிலோடு எல்லாம் முடிந்தது.

அவளுடைய வேலை என்ன என்று கேட்டால் அவள் கணவர், "கம்ப்யூட்டருக்குள்ள அலமாரி செய்யறா," என்பார். அவருக்கு மருந்துக்கடை. உலகத்தை அலமாரியாகத்தான் பார்க்கத் தெரியும். ஆனால் அவர் சொன்னதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. இணையத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கோ கடைக்கோ செயலி செய்தால், விவரங்களை வைத்துக்கொள்ள அதற்கு ஒரு டேட்டாபேஸ் வேண்டும். அதற்குள் நோயாளிகளுக்கு ஒரு டேபிள், டாக்டர்களுக்கு ஒன்று, வார்டுகளுக்கு ஒன்று என்று தட்டுகள் அமைக்க வேண்டும். தட்டுகள் காலியாக இருந்தால் செயலியைத் திறந்தவர் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்து முழிப்பார். அதனால் முதல் தடவை ஓடும்போது செயலியே கொஞ்சம் விவரங்களைத் தானாகப் போட்டுக்கொள்ளும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை விதைப்பது என்பார்கள். டாக்டர் பெயர்களையும் படுக்கை எண்களையும் விதைத்துவிட்டு, சோதித்துப் பார்க்க இல்லாத நோயாளி ஒருவரையும் விதைப்பார்கள்.

மற்றவர்கள் அந்த இல்லாத நோயாளிக்கு "டெஸ்ட்" என்றோ "அஆஇ" என்றோ பெயர் வைப்பார்கள். அக்கா "அம்மா" என்று வைத்தாள். பல வருடங்களுக்கு முன் கண் ஆஸ்பத்திரிகளுக்கான அந்தச் செயலியை அவள் வீட்டில் உட்கார்ந்து எழுதியபோது, அம்மா கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதல் நோயாளி அம்மா. துணைக்கு வருபவர் தம்பி, அவனுடைய போன் நம்பர். பதிவானதும் அந்த நம்பருக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். அதன் வாசகத்தையும் அவளே எழுதினாள்: "அம்மா அவர்களுக்கு நாளை காலை பத்து மணிக்குக் கண் பரிசோதனை. கண்ணில் மருந்து விடுவதால் துணைக்கு ஒருவர் அவசியம் வரவும்."

அவள் பொத்தானை அழுத்துவாள். அடுத்த அறையில் தம்பியின் போன் கிணுகிணுக்கும். அவன் அங்கிருந்தே, "வந்துச்சு," என்று கத்துவான். அவன் கல்யாணமாகித் தனியாகப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சோதனைச் செய்தி கிடைத்ததும் போன் செய்வான், வந்துச்சு என்ற ஒரு சொல்லைச் சொல்வான், வைத்துவிடுவான். சம்பளமில்லாத வேலைக்காரன் என்று அம்மா அவனைக் கிண்டல் செய்வாள்.

பேச்சு நின்ற பிறகு அக்கா தன் கணினியில் செய்தி அனுப்பும் வசதியை அணைத்து வைத்தாள். ஆனால் விதையை மாற்றவில்லை. அம்மாவையும் தம்பியையும் எடுத்துவிட்டு அங்கே வேறு பெயர்களைப் போட அவளுக்குக் கை வரவில்லை. அணைத்து வைத்திருக்கும்வரை யாருக்கும் எதுவும் போகாது, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது ஒரு புதிய கண் ஆஸ்பத்திரி அந்தச் செயலியை வாங்கியிருந்தது. மறுநாள் காலையில் முதல் நோயாளிகளைப் பதிவு செய்ய வேண்டும். இதுவரை புது வாடிக்கையாளர் வந்தால் பழைய டேட்டாபேஸ் ஒன்றை நகல் எடுத்து, பெயர்களை மாற்றிக் கொடுத்துவிடுவது அக்காவின் வழக்கம். இந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேறு ஆஸ்பத்திரி நோயாளிகளின் வாடையே வேண்டாம், எல்லாம் புத்தம் புதிதாக உருவாக வேண்டும் என்றார்கள். நியாயம்தான். அடிமட்டத்திலிருந்து ஒரு டேட்டாபேஸை உருவாக்கி விதைத்து அக்காவுக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அதற்கு முந்தின நாள் காலையிலேயே அங்கே போய்விட்டாள். பெயின்ட் வாசனை போகாத கட்டடம். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறையில் சர்வர் இருந்தது. கூடவே ஒரு பழைய பிரிண்டர், துடைப்பங்கள், உடைந்த சக்கர நாற்காலி ஒன்று. அறைக்கு அதிபதி வயர்காரர். ஆஸ்பத்திரியில் மின்சாரம், கணினி, தொலைபேசி, கதவு மணி என்று வயர் உள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். தங்கமான மனிதர். உட்கார நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார், குடிக்கத் தண்ணீர் வைத்தார், எல்லாம் தயார் மேடம் என்றார்.

அக்கா செயலியை ஓடவிட்டாள். ஓடிய வேகத்திலேயே விழுந்தது. நோயாளி டேபிளே இல்லை என்று புகார். அதை உருவாக்க வேண்டியதே நீதானே, என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று அவள் திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். சர்வரின் முகவரி சரியா என்று பார்த்தாள், சரி. கடவுச்சொல் சரி. உருவாக்கும் அனுமதி இருக்கிறதா, இருக்கிறது. கணினி பொய் சொல்லாது என்பார்கள். உண்மைதான், ஆனால் கேட்டதற்கு மேல் வாய் திறக்கிற பழக்கமும் அதற்குக் கிடையாது.

கடைசியில் டேட்டாபேஸ்களின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். அங்கே அந்த ஆஸ்பத்திரியின் பெயரில் ஒன்று ஏற்கெனவே இருந்தது. உள்ளே ஒரு டேபிள்கூட இல்லை. நாலு சுவர், மேலே கூரை, அவ்வளவுதான்.

"இதை யார் உருவாக்கினது அண்ணே?"

"நான்தான் மேடம். நீங்க வந்து சிரமப்பட வேணாமேன்னு நேத்தே உருவாக்கி வெச்சிட்டேன்," என்றார் வயர்காரர் பூரிப்போடு.

விஷயம் விளங்கிவிட்டது. செயலி முதலில் டேட்டாபேஸ் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் உருவாக்கி, டேபிள்களையும் அமைக்கும். இருந்தால், ஏற்கெனவே யாரோ குடியிருக்கிறார்கள் என்று எண்ணிக் கை வைக்காமல் நகர்ந்துவிடும். யாருடைய விவரங்களும் தவறி அழிந்துவிடக் கூடாதே என்று அக்காவே எழுதி வைத்த ஜாக்கிரதை அது. உள்ளே எட்டிப் பார், வீடு காலியா என்று கவனி என்று சொல்லிக் கொடுக்க மறந்திருந்தாள். வயர்காரர் கட்டி வைத்த காலி வீட்டைப் பார்த்துவிட்டு அது மரியாதையாக ஒதுங்கியிருக்கிறது.

வயர்காரர் முகம் சுருங்கிப் போயிற்று. அக்கா அவரை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கேட்காமலே நல்லது செய்யப் போனால் என்ன ஆகும் என்பதில் அவளுக்கு அனுபவம் அதிகம். பரவாயில்லை அண்ணே, இது என் புரோகிராமோட தப்பு என்று சொல்லிவிட்டுக் காலி டேட்டாபேஸை அழித்தாள். மறுபடி ஓடவிட்டாள். டேபிள்கள் வரிசையாக வந்து நின்றன. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

சாய்ந்த முதுகு நிமிர்வதற்குள் அடுத்தது வந்தது. டேபிள்கள் இருக்கின்றன, விதை விழவில்லை. ஏதோ ஒரு பதிவை ஏற்க முடியவில்லை என்று மட்டும் சொன்னது, எந்தப் பதிவு என்று சொல்லவில்லை. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

நோயாளி டேபிளைத் திறந்தாள். காலி. அப்படியானால் முதல் விதையே விழவில்லை, கோளாறு அம்மாவின் பதிவில்தான் என்று நினைத்தாள். பிறந்த தேதியின் வடிவத்தை மாற்றினாள். டேட்டாபேஸை அழித்து, உருவாக்கி, மறுபடி விதைத்தாள். செயலி நின்றது, டேபிள் காலி. பெயரில் தமிழ் எழுத்து இருப்பதால் தகராறோ என்று அதைக் கவனித்தாள். அழித்து, உருவாக்கி, விதைத்தாள். காலி. முகவரியை நீக்கிப் பார்த்தாள், வயதை மாற்றிப் பார்த்தாள். மதியம் முழுவதும் இதே வேலை. வயர்காரர் டீ வாங்கி வந்து வைத்தார், அது ஆடை கட்டி ஆறிப்போனது. நடுவில் முதலாளி போன் செய்தார். எந்த வேலையைக் கொடுத்தாலும் கொடுத்த கையோடு ஆச்சா, ஆச்சா என்று கேட்பதால் அவருக்கே ஆபீசில் ஆச்சா சார் என்றுதான் பெயர். இப்போதும் அதையே கேட்டார். ஆயிடும் சார் என்று வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில்தான் அவளுக்குப் புத்தியில் பட்டது. விதைப்பதற்கு அவள் ஒரு கட்டளை எழுதியிருந்தாள்: விழுந்தால் எல்லாம் விழ வேண்டும், ஒன்று தவறினாலும் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிடு. அரைகுறையாக எதுவும் தங்கக் கூடாது என்பதற்காக. அதனால் டேபிள் காலியாக இருப்பதை வைத்து அம்மா உள்ளே போகவில்லை என்று சொல்லிவிட முடியாது. போய்விட்டுத் திரும்பியும் இருக்கலாம். விதைகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தாள். அம்மா ஒழுங்காகப் போனாள். பரிசோதனை நேரமும் போனது. தடுக்கியது அதற்கு அடுத்தது, படுக்கைகள். ஒவ்வொரு படுக்கையும் ஒரு வார்டைச் சேர்ந்தது. ஆனால் அவள் படுக்கைகளை முன்னாலும் வார்டுகளைப் பின்னாலும் எழுதியிருந்தாள். இல்லாத வார்டில் படுக்கையை எங்கே போடுவது? அவளுடைய கணினியில் பழைய வார்டுகள் எப்போதும் இருந்ததால் இத்தனை வருடமாக அது வெளியே தெரியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இரண்டு வரிகளை இடம் மாற்றினாள்.

இந்தத் தடவை எல்லாம் விழுந்தது. திரை திறந்தது. முதல் வரியில்: அம்மா. நாளை காலை பத்து மணி. துணை: தம்பி. அக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் லேசாகக் கரித்தது. வயர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவரும் காட்ட ஒன்று வைத்திருந்தார். "மெசேஜும் அருமையாப் போகுது மேடம். நாளைக்கு மறந்துடக் கூடாதேன்னு மெசேஜ் அனுப்பறதையும் நேத்தே ஆன் பண்ணி வெச்சிட்டேன்," என்று தன் பக்கத்துத் திரையைத் திருப்பினார்.

திரை முழுக்க ஒரே நம்பர். அவளுக்கு மனப்பாடமான நம்பர். மேலிருந்து கீழ்வரை ஒரே வாசகம், அடியில் ஆஸ்பத்திரியின் பெயரும் முகவரியும். எல்லாவற்றுக்கும் எதிரில், போய்ச் சேர்ந்தது என்ற பச்சைக் குறி.

விதை திரும்பி வந்ததே தவிர, விதைத்தபோது கிளம்பிய செய்தி திரும்பவில்லை. டேட்டாபேஸுக்குள் நடந்ததை இல்லை என்று ஆக்கலாம். வெளியே போனது வில்லிலிருந்து விட்ட அம்பு. மதியம் முழுக்க அவள் அழித்து அழித்து விதைத்த ஒவ்வொரு தடவையும் தம்பியின் போன் கிணுகிணுத்திருக்கிறது. அம்மாவுக்கு நாளை காலை பத்து மணி. துணைக்கு ஒருவர் அவசியம் வரவும். அம்மா உயிரோடு இருந்தபோது அக்கா சொல்லாத சேதியை, அம்மா போய் இத்தனை காலம் கழித்து, செயலி விடாமல் சொல்லியிருக்கிறது.

ஆச்சா சாருக்கு ஆச்சு என்று சொன்னாள். சோதனைப் பதிவைக் காலைக்குள் அழித்துவிடுங்கள், நிஜ நோயாளிகள் வரும்போது அது அங்கே இருக்கக் கூடாது என்றார். அவள் அந்த வரியைத் திறந்தாள். பதிவை அழித்தால் துணைக்கு வருபவருக்கு ரத்துச் செய்தி ஒன்று தானாகப் போகும், அதுவும் அவள் செய்த ஏற்பாடுதான். பக்கத்திலேயே ஒரு கட்டம் இருந்தது: செய்தி அனுப்பாமல் அழி. அவள் மவுஸ் அந்தக் கட்டத்துக்குப் போனது. இன்னொரு செய்தி அனுப்பி அவனை ஏன் வதைக்க வேண்டும், சத்தமில்லாமல் அழித்துவிடலாம், அவன் நல்லதுக்குத்தான்.

அந்தச் சொல் மனதில் வந்ததும் கையை எடுத்துவிட்டாள். கணினியை அப்படியே மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, கூப்பிட்டுப் பேசேன் என்றார். என்னவென்று பேசுவது என்று கேட்டாள். தெரியாமல் போய்விட்டது, அது வெறும் டெஸ்ட்தான் என்று சொன்னால், அம்மாவை டெஸ்ட்டுக்கு வைத்திருக்கிறாயா என்பான். சொல்லாமல் விட்டால் பழையபடி மறைத்தது ஆகும். வர வேண்டாம் என்றால், வா என்று யார் சொன்னார்கள் என்பான். எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. கணவர் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? நாளைக்குப் பத்து மணி வரைக்கும் நீ எதையும் முடிவு பண்ணாம இரு. உனக்கு அது ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும். இருந்து பாரு."

வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பாள். அன்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் அவள் போனபோது காத்திருப்பு அறை பாதி நிரம்பியிருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் புதுத் திரையைப் பார்த்துப் பார்த்து நோயாளிகளைப் பதிந்துகொண்டிருந்தாள். அக்கா அவளுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எல்லாம் சரியாக ஓடியது. ஆச்சா சார் போன் செய்து, அழிச்சாச்சா என்றார். ஒரு பதிவு மட்டும் பத்து மணிக்கு மேல அழிக்கறேன் சார் என்றாள். ஏன் என்று கேட்டார். ஒருத்தர் வர்றாரான்னு பாக்கணும் என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அவள் குரலைக் கேட்டு மேலே கேட்கவில்லை.

பத்து மணி ஆயிற்று. வாசல் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் பஞ்சு வைத்த பெரியவர் வந்தார், குழந்தையை இடுப்பில் வைத்த ஒருத்தி வந்தாள், குடையை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். பத்து தாண்டியது. வர மாட்டான். ஏன் வர வேண்டும்? செத்துப்போன அம்மாவுக்குத் துணையாக எந்தப் பைத்தியக்காரன் ஆஸ்பத்திரிக்கு வருவான்? எழுந்து மாடிப்படிக்கு அடியிலுள்ள அறைக்குப் போய் அம்மாவின் வரியைத் திறந்தாள். அவன் வருவான் என்று தான் எவ்வளவு நம்பியிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

வரவேற்புப் பெண் கதவில் தலையை நீட்டினாள். "அக்கா, இந்தப் பத்து மணிப் பதிவு, 'அம்மா'ன்னு இருக்கே. துணைக்கு வந்தவர் மட்டும் வந்திருக்கார். பேஷன்ட்டைக் காணோம். என்ன பண்றது?"

கடைசி பெஞ்சின் ஓரத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். வேலை உடுப்பில் கிரீஸ் கறை, காலடியில் கருவிப்பை. முன்னந்தலையில் முடி குறைந்திருந்தது. சுவரோரம் நின்று திருட்டுத்தனமாகப் பார்த்ததில் அதை அவள் கவனித்திருக்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடுவில் ஓர் ஆள் உட்காரலாம், அவ்வளவு இடம் விட்டே உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் இருவரும் எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துவரை.

"ஒரு கட்டடத்துல லிஃப்ட் நடுவுல மாட்டிக்கிச்சு," என்றான் அவன் பலகையைப் பார்த்தபடியே. "அதான் லேட்டு."

"பரவாயில்ல."

"நேத்து மத்தியானம் முழுக்க அம்மா கூப்பிட்டுட்டே இருந்தாங்க. மொதல்ல ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு நெனச்சேன். அப்புறம், நீ எதையோ அழிச்சு அழிச்சுப் போடறேன்னு புரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் எடுத்துப் படிச்சேன்." நிறுத்தினான். "என் நம்பரை இன்னும் எடுக்கலியா நீ?"

"எடுக்கல."

இது வெறும் தவறு, வயர்காரர் செய்தி வசதியைப் போட்டுவிட்டார், உன்னை வரவழைக்க நினைக்கவில்லை என்று சொல்ல அவளிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"அன்னிக்கு உனக்குச் சொல்லியிருக்கணும்," என்றாள். "நான்தான் சொல்லல. தப்பு என்னோடது."

உன் நல்லதுக்கு என்ற சொல் பின்னாலேயே வந்தது. அதை வெளியே விடவில்லை. அவள் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான காரியம் எதுவும் செய்ததில்லை.

தம்பி கருவிப்பையின் வாரை விரலில் சுற்றினான், பிரித்தான். "கோபம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காதே," என்றான். "துணைக்கு வான்னு கூப்பிட்டாங்க. வராம எப்படி இருக்கறது?"

வரவேற்பு மேசைக்கு எதிரில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பெண் இரண்டு தடவை திரும்பி இவர்களைப் பார்த்தாள். பத்து மணி வரி அவள் திரையில் இன்னும் முதலிடத்தில் நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

"அம்மாவோட பதிவை எடுக்கணும்," என்றாள் அக்கா. "எடுத்தா உனக்கு ஒரு மெசேஜ் வரும், ரத்துன்னு. அது வராமலும் எடுக்கலாம். எப்படிச் செய்யட்டும்? நீ சொல்லு."

அவன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். நீ சொல்லு என்று அவள் யாரிடமும் சொல்லி அவன் கேட்டதில்லை.

"அனுப்பு," என்றான்.

அவள் எழுந்து மாடிப்படி அறைக்குள் போனாள். வயர்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தக் கட்டத்தைத் தொடாமல், அம்மாவின் வரியை அழித்தாள். வரி மறைந்தது. அதற்குக் கீழே இருந்த நிஜ நோயாளிகள் ஒரு படி மேலே வந்தார்கள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திறந்திருந்த கதவு வழியாக, காத்திருப்பு அறையில் ஒரு போன் கிணுகிணுப்பது கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவன் மெதுவாகப் படிக்கிறவன், சின்ன வயதிலிருந்தே.

பிறகு அங்கிருந்தே, காத்திருந்த நோயாளிகளெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, உடைந்த குரலில் கத்தினான்.

"வந்துச்சுக்கா."